மண்ணில் புதைக்கக் கூடாத செடி

காக்ஸ் டவுன், பெங்களூர்
11.1.1998

இயேசு மரி சூசை

அன்புள்ள பெர்னாவுக்கு,

யூஜின் எழுதுவது. போன் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனாய், செய்யவில்லை. கடிதம் போடாதே என்று சொல்லவில்லை, அதனால் போடுகிறேன். தமிழில் எழுதிப் பல வருடம் ஆகிறது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்பு, டீச்சர்தானே நீ.

இது மீன் தொட்டி விஷயமாக மட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டொமினிக் கடையிலிருந்து ஜாவா ஃபெர்ன் செடி பத்துக் கொத்து வாங்கி வந்து வாளியில் போட்டிருந்தாய். சாயங்காலம் தொட்டியில் வைக்கலாம் என்றாய். அதற்குள் ரேஷன் கார்டு தேடுகிறேன் என்று பீரோவைத் திறந்தாய், பிறகு நடந்தது உனக்கே தெரியும். செடி வாளியிலேயே கிடந்தது.

நீ போன மறுநாள் நானே நட்டேன். மற்ற செடியெல்லாம் நடுகிற மாதிரிதான், குழி பறித்து, அடித்தண்டு மூடும்வரை மணல் தள்ளி, நன்றாக அமுக்கினேன். பத்து நாளில் அடி கறுத்துப்போனது. ஒன்றைப் பிடுங்கி மோந்து பார்த்தேன், அழுகின வெங்காய வாடை. இரண்டு கொத்து போய்விட்டது, எட்டு மிச்சம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

மீன்கள் நான்கும் நன்றாக இருக்கின்றன. இடது மீசை அறுந்த உன் வெள்ளை ஏஞ்சல், அதுதான் நொண்டி, நான் கையை விட்டால் ஒளிந்துகொள்கிறாள். உன் கை என்றால் விரலைக் கொத்துவாள். நத்தைகள் கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, சனியன்கள்.

கீழ் வீட்டு முத்தம்மா அக்கா தினமும் கேட்கிறார். "டீச்சரம்மா எப்போ யூஜின் வர்றது? பொங்கலுக்காச்சும் வருமா?" உன் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தப் பேப்பரைப் பற்றி எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

யூஜின்

---

வெள்ளோடு, திண்டுக்கல்
19.1.1998

யூஜின்,

முதலில் செடி. அது காத்துக்கொண்டிருக்காது.

அந்தச் செடிக்கு அடியில் இஞ்சி மாதிரி ஒரு பச்சைத் தண்டு படுத்திருக்கும். இலையும் வேரும் அதிலிருந்துதான் வரும். அதை மண்ணில் புதைக்கக் கூடாது. புதைத்தால் மூச்சு முட்டி அழுகும். எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கறுத்த பகுதியைப் புது பிளேடால் வெட்டி எறியுங்கள், உள்ளே பச்சை தெரியும்வரை. பிறகு ஒரு கருங்கல் துண்டின் மேல் தண்டைப் படுக்க வைத்துக் கறுப்புப் பருத்தி நூலால் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். நூல் என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. இறுக்கக் கூடாது, செடி நழுவாமல் இருந்தால் போதும். மூன்று மாதத்தில் நூல் இற்றுப்போகும். அதற்குள் வேர் கல்லைத் தானே பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் மறுபடியும் கட்ட வேண்டும், வேறு வழியில்லை.

இனி உங்களுக்கு.

பிள்ளை இல்லை என்பதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. பீரோவில் கிடைத்த அந்த ரிப்போர்ட்டில் இருந்த தேதிக்காக வந்தேன். 1992 மார்ச். குறை உங்களிடம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். என்னிடம் நார்மல் என்று சொல்லிவிட்டு, அதை எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில் ஆறு வருடம் வைத்திருந்தீர்கள். அந்த ஆறு வருடத்தில் என் வயிற்றை இரண்டு முறை கிழித்துப் பார்த்தார்கள். உங்கள் அக்கா மகன் ஞானஸ்நானத்தன்று அத்தை குழந்தையை என் கையில் தரவில்லை. 94இல் அத்தை நேர்ந்துகொண்டார் என்று வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டேன். என் முடியைத் துண்டில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது நீங்கள்தான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், யூஜின்.

மே 31 வரை சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் 1 பள்ளி திறக்கிறது. வருவதா வேண்டாமா என்று அதற்குள் முடிவு செய்வேன். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது இரண்டு. அத்தையிடம் உண்மையை நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இன்னொன்று, இனிமேல் எது நடந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். மீன் செத்தால் செத்தது என்று எழுதுங்கள். செடி அழுகினால் அழுகியது என்று எழுதுங்கள். அதெல்லாம் எனக்குத் தாங்கும்.

தங்கச்சிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முத்தம்மா அக்காவிடம் இப்படிச் சொல்லுவானேன்?

கடிதத்தின் தலையில் இயேசு மரி சூசை போட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று பேருக்குக் கீழே பொய் எழுதக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதனால் நான் போடவில்லை. எனக்கு இப்போது கோபத்தில் எது உண்மை என்றே தெரியவில்லை.

பெர்னதெத்

---

காக்ஸ் டவுன்
2.2.1998

இயேசு மரி சூசை

அன்புள்ள பெர்னா,

உன் கடிதத்தை பஸ்ஸிலேயே மூன்று தடவை படித்தேன். சிவாஜி நகரில் இறங்க மறந்து மெஜஸ்டிக் வரைக்கும் போய், பீன்யா கம்பெனிக்கு ஒரு மணி நேரம் லேட். நீ எழுதினது ஒவ்வொரு வரியும் சரி. சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்டால், பயம், அவ்வளவுதான். ஆம்பிளை என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி ஆறு வருடம் ஆகிவிட்டது.

செடிக்கு வருகிறேன். நீ சொன்னபடி எல்லாவற்றையும் பிடுங்கி, வெட்டி, கல்லின் மேல் கட்டிவிட்டேன். எட்டுக் கொத்தும் ஒன்றுபோல. பதினான்கு வருடமாக மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவன் நான், மூன்று சுற்று எனக்கு ஒரு வேலையா? நீ வந்து பார்த்தால் அசந்துபோவாய். ஆனால் உன் நூலில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று மாதத்தில் இற்றுப்போகிற நூலால் எதையாவது கட்டுவார்களா? நான் கட்டியிருப்பது இற்றே போகாது. எதனால் கட்டினேன் என்பதை நீ நேரில் வந்து பார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிறு லிங்கராஜபுரம் போனேன். காலில் நீர் கோத்துக்கொண்டு படுத்திருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். சொல்லவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பார்.

யூஜின்

---

வெள்ளோடு
16.2.1998

அன்புள்ள யூஜினுக்கு,

சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்கு அப்புறம் சிரித்தேன். தங்கச்சி புருஷன் மதலைமுத்து, "என்ன அண்ணி, அண்ணன் லெட்டரா? அப்ப சீக்கிரம் பொட்டியக் கட்டிருவீக போலயே" என்று கேலி செய்தார்.

இங்கே திராட்சைத் தோட்டத்தில்தான் பொழுது போகிறது. கொடியைப் பந்தலோடு சேர்த்துக் கட்ட ஆள் வருகிறார்கள். வாழை நாரால்தான் கட்டுகிறார்கள். கம்பியால் கட்டினால் கொடி பருக்கும்போது அறுத்துவிடும் என்று மதலைமுத்து சொன்னார். உங்கள் இற்றே போகாத கயிறு நினைவுக்கு வந்தது. நைலான் நரம்பாக இருந்தால் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், தண்டு பருக்கும்.

நொண்டி சாப்பிடுகிறாளா? வெயில் காலம் வருகிறது, கரண்ட் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள்.

அத்தையிடம் ஈஸ்டருக்குள் சொல்லிவிடுங்கள்.

பெர்னதெத்

---

காக்ஸ் டவுன்
3.3.1998

இயேசு மரி சூசை

அன்புள்ள பெர்னா,

"அன்புள்ள" என்று போட்டிருந்தாய். கம்பெனியில் டிபன் நேரத்தில் அதை எடுத்து எடுத்துப் பார்த்ததில் கூட வேலை பார்க்கிற கோவிந்தப்பா பிடித்துக்கொண்டான். "ஏன் குரு, ஹெண்டத்தி லெட்டரா? பொண்டாட்டி எழுதினதும் முகத்துல டியூப்லைட்டு எரியுது" என்றான்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இலையைத் தின்கிறது, முட்டை போடுகிறது என்று நீ திட்டிக்கொண்டே இருப்பாயே, அந்த நத்தைகள் எல்லாம் ஒழிந்தன! நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரமாகக் குறைந்துகொண்டே வந்தது, இப்போது ஒன்றுகூட இல்லை. வெறும் ஓடு மட்டும் மணலில் கிடக்கிறது. கண்ணாடி பளபளவென்று இருக்கிறது.

மீன்கள் கொஞ்சம் மந்தமாக மேலேயே நிற்கின்றன. வெயிலாக இருக்கும். இலை ஓரத்தில் அங்கங்கே பழுப்பு. நீ வந்தால் சரியாகிவிடும்.

அம்மா விஷயம் ஈஸ்டருக்குள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சொல்லிவிடுவேன்.

யூஜின்

---

காக்ஸ் டவுன்
9.3.1998

அன்புள்ள பெர்னா,

நேற்று நீ முத்தம்மா அக்கா வீட்டுக்குப் போன் செய்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. மாடியிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கிற்று, அதனால்தான் சரியாகப் பேச முடியவில்லை. இரண்டரை மாதத்துக்கு அப்புறம் உன் குரல். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான், "எதால கட்டினீங்க, செம்புக் கம்பியா?"

போனில் சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன். கறுப்பு நூல்தான். உன் தையல் மெஷின் டிராயரில் இருந்த நூல். இற்றே போகாது என்று எழுதியது சும்மா விளையாட்டுக்கு. நூலை நான்காக முறுக்கிக் கட்டினேன், அதைத்தான் அப்படி எழுதினேன்.

மீன்கள் நான்கும் நன்றாக இருக்கின்றன. நீ கவலைப்படாதே.

யூஜின்

---

வெள்ளோடு
16.3.1998

அன்புள்ள யூஜினுக்கு,

கடிதம் கிடைத்தது. நிம்மதி. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே திராட்சைக்கு மயில்துத்தம் அடிக்கிறார்கள். அது செம்புதான். அடித்த மறுநாள் வாய்க்காலில் நத்தையெல்லாம் செத்து ஓடாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், உங்கள் கடிதம் வந்திருக்கிறது, நத்தைகள் ஒழிந்தன என்று. அத்துடன் நீங்கள் காயில் சுற்றுகிறவர், இற்றே போகாதது என்று வேறு எழுதியிருந்தீர்கள். மறுநாள் பூசை முடிந்ததும் மதலைமுத்துவின் டி.வி.எஸ்.ஸில் ஏறி திண்டுக்கல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

செம்பாக இருந்திருந்தால் கம்பியை எடுப்பது மட்டும் போதாது. முக்கால் தொட்டித் தண்ணீரை உடனே மாற்ற வேண்டும், மறுநாளும் மாற்ற வேண்டும், அதற்கும் மறுநாள் மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பிழைத்துக்கொள்ளும். போனில் சொல்வதற்காக அதை ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். நூல் என்று சொன்னீர்கள், தேவையில்லாமல் போய்விட்டது.

நத்தை எதனால் செத்தது என்று தெரியவில்லை. வந்து பார்க்கிறேன். ஆமாம், வந்து பார்க்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். தலைமை சிஸ்டருக்கு ஜூன் 1 வேலைக்கு வருவதாக எழுதிப் போட்டுவிட்டேன். மே 29 ரயிலுக்கு டிக்கெட் எடுக்க மதலைமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன்.

முடிந்தால் தொட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நொண்டியைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

பெர்னா

---

காக்ஸ் டவுன்
20.4.1998

அன்புள்ள பெர்னா,

ஈஸ்டர் வாழ்த்துகள். பதில் போடத் தாமதம் ஆகிவிட்டது. கம்பெனியில் ஓவர்டைம்.

கேட்ட போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். பிரேசர் டவுன் ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்து எடுத்தேன். கண்ணாடியில் பிளாஷ் அடித்துவிட்டது, அதனால் கொஞ்சம் மங்கலாக இருக்கும். செடி எவ்வளவு பச்சையாக இருக்கிறது பார். கறுப்பு நூலும் தெரிகிறது.

அம்மாவிடம் ஈஸ்டர் அன்று சொல்ல முடியவில்லை. அக்கா வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். நீ வந்ததும் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்வோம்.

யூஜின்

---

வெள்ளோடு
30.4.1998

யூஜினுக்கு,

போட்டோ வந்தது. டிக்கெட்டும் வந்தது, மே 29.

எனக்கு ஏதாவது எழுத வேண்டியது இருந்தால் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் எழுதுங்கள். மே 22 வரை பார்ப்பேன்.

பெர்னதெத்

---

காக்ஸ் டவுன்
10.5.1998

இயேசு மரி சூசை

பெர்னா,

உனக்குத் தெரிந்துவிட்டது. நான்கே வரி எழுதியிருக்கிறாய், அதிலேயே தெரிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்றே டிராயரைத் திறந்து கறுப்பு நூலை எடுத்தேன். ஒரு கொத்தைக் கட்டவும் கட்டினேன். மூன்று மாதத்தில் இற்றுப்போகும் என்று நீ எழுதியது மனசில் என்னவோ செய்தது. மறுநாள் கம்பெனியில் கோவிந்தப்பாவிடம் சொன்னேன். "நூல் யாக்கே, எதுக்கு குரு? நம்ம வயர் இருக்கே. உன் பேரன் காலத்துக்கும் இருக்கும்" என்றான். அவனுக்கு நம் விஷயம் தெரியாது. பேரன் என்று அவன் சொன்னதில் எனக்கு முகம் சுண்டிப்போனது, ஆனாலும் ஒரு சுருள் கம்பி கொண்டு வந்தேன். மேலே வார்னிஷ் பூசின செம்புக் கம்பி. கல் மேல் வைத்து இறுக்கி முறுக்கினேன். கல்லின் முனையில் உரசி வார்னிஷ் போயிருக்க வேண்டும். செம்பு தண்ணீரில் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் நம்பு, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

முதலில் நத்தைகள். அதை நல்ல செய்தி என்று உனக்கு எழுதினேன், முட்டாள். நீ போன் செய்த அன்று காலையில் இரண்டு ஏஞ்சல்கள் செத்துக் கிடந்தன. முந்தின நாள் ஒன்று. நொண்டி மட்டும் உயிரோடு இருந்தாள், சாய்ந்து சாய்ந்து நீந்திக்கொண்டு. அப்போது நீ கேட்டாய், செம்புக் கம்பியா என்று. நீ கேட்ட பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முத்தம்மா அக்கா பக்கத்தில் நின்றார், ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, நீ ஜூனில் வருவாயோ என்று மனசு அடித்துக்கொண்டது, வாய் தானாக நூல் என்று சொல்லிவிட்டது.

மேலே போய்க் கம்பியை எல்லாம் வெட்டி எடுத்தேன். தண்ணீர் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நொண்டி இன்னும் இரண்டு நாள் இருந்தாள். கையை விட்டேன், ஒளியவில்லை. மார்ச் 10ஆம் தேதி காலை போய்விட்டாள். தண்ணீரை மூன்று நாள் மாற்ற வேண்டும் என்று நீ எழுதின கடிதம் 19ஆம் தேதி வந்தது. போனில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கையும் முத்தம்மா அக்கா வீட்டு முருங்கைக்கு அடியில் புதைத்திருக்கிறேன்.

ஃபெர்னும் பழுத்து உதிர்ந்தது. அடித்தண்டையும் கம்பி அறுத்திருந்தது. எல்லாவற்றையும் பழைய வாளியில் போட்டு மொட்டை மாடியில் வைத்துவிட்டேன். தொட்டியைக் கழுவி, டொமினிக் கடையில் நான்கு ஏஞ்சல்கள் வாங்கினேன், பிளாஸ்டிக் செடி வாங்கினேன். டொமினிக் ஒரு மாதிரி பார்த்தார். "டீச்சர் பிளாஸ்டிக் செடிய வாசல் தாண்டி விடமாட்டாங்களே" என்றார். பிளாஸ்டிக் செடியைக் கல்லில் வைத்து, உன் கறுப்பு நூலால் மூன்று சுற்று, இறுக்காமல் கட்டினேன். நீ சொன்னபடி கட்டியது அது ஒன்றைத்தான்.

பெர்னா, எனக்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் இல்லை. ஆனால் நீ வா. 29ஆம் தேதி ரயிலுக்கு கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நிற்பேன். அம்மாவிடம் அன்றைக்கே போய்ச் சொல்கிறேன்.

யூஜின்

---

வெள்ளோடு
28.5.1998

யூஜின்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உள்ளே தேதி மே 10. உறை மேல் காக்ஸ் டவுன் தபால் முத்திரை மே 23. எழுதி முடித்து, ஒட்டி, பதின்மூன்று நாள் எங்கேயோ வைத்திருந்திருக்கிறீர்கள். இந்த முறை எதற்கு அடியில் என்று எனக்குத் தெரியாது. எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியிலா, டிபன் பையிலா?

போட்டோவைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரியும். வெள்ளை ஏஞ்சலுக்கு இரண்டு மீசையும் இருந்தது. பதினைந்து வருடம் உயிரியல் பாடம் எடுத்தவளுக்கு பிளாஸ்டிக் இலை தெரியாதா? அந்தப் பிளாஸ்டிக்கை நூலால் கட்டியிருந்ததைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு தோட்டத்துக்குள் போய் நெடுநேரம் அழுதேன். மீன் செத்ததற்கு இல்லை. செத்தால் செத்தது என்று எழுதுங்கள் என்று சொல்லித்தானே இருந்தேன்.

அப்போதும் டிக்கெட்டைக் கிழிக்கவில்லை. எழுதுவீர்கள் என்று நினைத்தேன். தபால்காரர் தெருமுனைக்கு வரும்போதே போய் நிற்பேன். மதலைமுத்து கேலி செய்வதை நிறுத்திவிட்டார். 22ஆம் தேதி மத்தியானம் வரை பார்த்தேன். அன்று தபால்காரர் கையை விரித்துவிட்டுப் போனதும் திண்டுக்கல் போய் டிக்கெட்டை ரத்து செய்தேன். பள்ளிக்கு ராஜினாமாவை ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். அதற்கு மறுநாள் உங்கள் கடிதம் தபால் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது.

11ஆம் தேதியே போட்டிருந்தால் 15க்குள் என் கைக்கு வந்திருக்கும். நான் வந்திருப்பேன், யூஜின். இதை உங்களை நோகடிக்க எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று நாம் வைத்துக்கொண்டோமே, அதனால் எழுதுகிறேன். செம்புக் கம்பிக்காக உங்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. இற்றுப்போகாததாகப் பார்த்துக் கட்டினீர்கள். அது எனக்குப் புரிகிறது, புரிவதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் கடிதங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். மார்ச் 9ஆம் தேதிக் கடிதத்திலும் போட்டோக் கடிதத்திலும் தலையில் இயேசு மரி சூசை இல்லை. அவர்களுக்குப் பயந்து போடாமல் விட்டிருக்கிறீர்கள். என் பெயருக்குக் கீழே பொய் எழுத மட்டும் உங்களுக்குப் பயமில்லை.

உண்மையைச் சொல்லத் தெரியாதவர் இல்லை நீங்கள். சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது. முதல் தடவை ஆறு வருடம், இந்தத் தடவை பதின்மூன்று நாள். குறைந்திருக்கிறது என்று தங்கச்சி சொல்கிறாள். எனக்கு இன்னொரு முறை காத்திருக்கத் தெம்பு இல்லை.

இங்கேயே ஒரு பள்ளியில் ஜூனில் சேருகிறேன். 29ஆம் தேதி ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது என்று தெரியும். அதனால் இன்று முத்தம்மா அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். தொட்டியை டொமினிக்கிடம் கொடுத்துவிடுங்கள். என் தையல் மெஷினை யாருக்காவது கொடுங்கள். பதில் வேண்டாம்.

பெர்னதெத்

---

காக்ஸ் டவுன்
8.9.1998

இயேசு மரி சூசை

பெர்னதெத்,

பதில் வேண்டாம் என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. இது பதில் இல்லை, நடந்தது.

இன்று மாதா பிறந்தநாள். லீவு போட்டுவிட்டு லிங்கராஜபுரம் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். குறை பெர்னாகிட்ட இல்லைம்மா, என்கிட்டதான், 92லேயே தெரியும் என்றேன். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தப் புள்ள முடிய எடுக்கச் சொன்னது நானாச்சேடா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அழுதாள். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒன்று. மே மாதம் எழுதினேனே, மொட்டை மாடியில் வாளியில் போட்டிருந்த ஃபெர்ன் எல்லாம் மக்கிவிட்டது. ஜூன் முதல் வாரம் வாளியைக் கொட்டப் போனேன். செத்த இலை ஒன்றின் முனையில் நகம் அளவுக்கு இரண்டு குட்டிச் செடி ஒட்டிக்கொண்டிருந்தது. கருங்கல்லில் வைத்து உன் கறுப்பு நூலால் மூன்று சுற்று, இறுக்காமல் கட்டினேன். பிளாஸ்டிக்கை எல்லாம் எறிந்துவிட்டு அதைத் தொட்டியில் வைத்தேன். டொமினிக்கிடம் மீன்களைத் திருப்பிக் கொடுத்தேன், தொட்டியைக் கொடுக்கவில்லை. மன்னித்துக்கொள்.

இன்று காலை பார்க்கிறேன், நூல் இற்று அடியில் விழுந்து கிடக்கிறது. பயந்துகொண்டே தொட்டுப் பார்த்தேன். ஒன்று மிதந்துபோய்விட்டது. இன்னொன்று கல்லைப் பிடித்திருக்கிறது. கல்லைத் தூக்கினால் செடியும் கூடவே வருகிறது. நீ சொன்னது சரி.

நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வா என்று எழுதவும் இல்லை. இப்போது மணி மூன்றரை. நாலரை மணிக்குத் தபால் எடுக்க வருவார்கள். நானே தபால் ஆபீசுக்குப் போய், கண் முன்னால் முத்திரை குத்தச் சொல்லிப் போடப்போகிறேன். உறையில் தேதியைப் பார்.

யூஜின்